ரயிலடியில் ஒன்றரை முழம்

(ரயில் தடத்தை ஒட்டிய ஊர்களின் மாணவர்களும் களப்பணியாளர்களும் கூடிய ஓர் அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



காலையிலிருந்து பஞ்சமி நிலம், கூலி, கோயில் நுழைவு, விடுதிச் சாப்பாடு என்று பேசிவிட்டுக் கடைசியில் என்னைக் கூப்பிட்டு சைக்கிள் ஸ்டாண்டைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். தலைப்பைச் சொன்னதும் பின்வரிசையில் சிரிப்பு கேட்டது. சிரிக்கலாம், தப்பில்லை. ஒரு மனுவை எடுத்துக்கொண்டு ரயில்வே அதிகாரியிடம் போனால் அவரும் இப்படித்தான் சிரிப்பார். "பிளாட்பாரத்துக்குக் கூரை கேளுங்க, லிஃப்ட் கேளுங்க, சைக்கிளுக்கு எடம் கேட்டு வந்திருக்கீங்களே" என்பார். இவ்வளவு சின்ன விஷயமா என்று நமக்குத் தோன்றுவதும் அவருக்குத் தோன்றுவதும் ஒன்றாக இருந்தால், அந்த ஒற்றுமையைக் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

சைக்கிள் எவ்வளவு இடம் கேட்கிறது? நீளம் நாலு முழம். அகலம் ஒன்றரை முழம். ஒரு கார் நிறுத்துகிற கட்டத்தில் பத்து சைக்கிள் நிறுத்தலாம். ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கிற இடத்தில் ஏறக்குறைய இரண்டு. இந்த ஒன்றரை முழத்தைத்தான் ரயிலடியில் நாம் இழந்துகொண்டு வருகிறோம். அது எப்படி நடக்கிறது, யாருக்கு நடக்கிறது என்பதைத்தான் இன்றைக்குச் சொல்ல வந்தேன்.

நான் பேங்க்கில் கிளார்க். கவிதையும் எழுதுகிறவன். இரண்டுக்கும் சேர்த்து தினமும் ரயிலில் போய்வருகிறவன். ரயிலைப் பற்றி நம் ஆட்களுக்கு ஒரு பிரியம் உண்டு, அதற்கு நியாயமும் உண்டு. 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ரயில் ஓடியபோது, இந்தப் பக்கத்தில் முதல் தடவையாக, காசு கொடுத்தவன் எல்லாம் ஏறலாம் என்று ஒரு வண்டி வந்தது. சாதிக்கொரு பெட்டி வேண்டும் என்று அந்த நூற்றாண்டில் கேட்டவர்கள் இருந்தார்கள். கம்பெனிக்காரன் ஒத்துக்கொள்ளவில்லை. அவனுக்கு நம்மேல் ஒன்றும் பாசம் இல்லை, வகுப்பு பிரித்துக் காசு வாங்கினால் போதும் என்பது அவன் கணக்கு. அந்தக் கணக்கு நமக்குச் சாதகமாக விழுந்தது.

ஆனால் ரயில் வீட்டு வாசலில் வந்து நிற்காது. வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கும், ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கும் ஒரு வழி இருக்கிறது. சாதி அங்கேதான் உட்கார்ந்திருந்தது.

இதை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன்வரலாற்றுக் குறிப்புகளில் அண்ணல் எழுதியிருக்கிறார். 1901. ஒன்பது வயதுப் பையன், அண்ணன், அக்காள் பிள்ளைகள். அப்பா வேலை பார்க்கும் ஊருக்குப் போக மசூர் ஸ்டேஷனில் இறங்குகிறார்கள். நல்ல உடுப்பு. ரயிலில் ஒரு தொந்தரவும் இல்லை. அழைத்துப் போக ஆள் வரவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் பரிவாக விசாரிக்கிறார். மகர் என்று பிள்ளைகள் சொன்னதும் முகம் மாறிப்போகிறது. வெளியே மாட்டுவண்டிகள் நிற்கின்றன, ஒருத்தனும் ஏற்றமாட்டேன் என்கிறான். இரட்டைக் கூலி கொடுத்து, பிள்ளைகளே வண்டியை ஓட்ட, வண்டிக்காரன் பக்கத்தில் நடந்து வருவதென்று ஏற்பாடு ஆகிறது.

இருபத்தெட்டு வருடம் கழித்து, 1929இல், அதே மனிதர் வெளிநாட்டில் படித்துப் பட்டங்கள் வாங்கி, பம்பாய் அரசு அமைத்த ஒரு விசாரணைக் குழுவின் உறுப்பினராக இருக்கிறார். சாலிஸ்காவ் ஸ்டேஷனில் இறங்குகிறார். சேரி மக்கள் வரவேற்க வந்திருக்கிறார்கள். சேரி பக்கத்தில்தான், நடந்தே போகலாம். தலைவரை நடக்க வைப்பதா என்று அவர்களுக்கு மனசு கேட்கவில்லை. குதிரைவண்டிக்காரர்கள் ஓட்ட மறுக்கிறார்கள். வண்டியை மட்டும் வாடகைக்கு எடுத்து, ஓட்டிப் பழக்கமில்லாத சேரி ஆள் ஒருவர் ஓட்டுகிறார். பாலத்தில் வண்டி நிலைதவறி, அண்ணல் கல்தளத்தில் தூக்கி எறியப்பட்டு, கால் முறிகிறது.

நாம் அந்தப் புத்தகத்தைத் தண்ணீருக்காகப் படித்திருக்கிறோம், தீண்டாமைக் கொடுமைக்காகப் படித்திருக்கிறோம். அந்த இரண்டு சம்பவமும் ஸ்டேஷன் வாசலில் நடக்கின்றன என்பதைக் கவனித்தோமா? இரண்டிலும் ரயில் கொண்டுவந்து இறக்கிவிட்டது. இரண்டிலும் வாசலுக்கு வெளியே அடுத்தவன் வண்டிக்குக் கையேந்த வேண்டியிருந்தது. இன்றைக்குப் போக்குவரத்துத் திட்டம் போடுகிறவர்கள் 'லாஸ்ட் மைல் கனெக்டிவிட்டி' என்று சொல்வது இதைத்தான். அவர்கள் அதை நேற்றுக் கண்டுபிடித்த மாதிரிப் பேசுகிறார்கள்.

இந்த இடத்தில்தான் சைக்கிள் வருகிறது. சைக்கிளுக்கு ஓட்டுநர் வேண்டாம், அதனால் ஓட்டமாட்டேன் என்று சொல்ல ஒருத்தன் இல்லை. தீவனம் இல்லை, பெட்ரோல் இல்லை, லைசென்ஸ் இல்லை. மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து, குரங்குப் பெடல் போட்டுப் பழகி, பிறகு பழைய வண்டி ஒன்றை வாங்கிவிட்டால் யார் தயவும் இல்லாமல் ஸ்டேஷனுக்குப் போகலாம். அதனால்தான் ஊர்த்தெருவில் நாம் சைக்கிளில் உட்கார்ந்து போகக்கூடாது, இறங்கி உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும் என்று கட்டுப்பாடு வைத்தார்கள். இங்கே இருக்கிற பெரியவர்களில் உருட்டிக்கொண்டு போனவர்கள் இருக்கிறீர்கள். கால் செருப்பும் தோள் துண்டும் எப்படியோ அப்படித்தான் சைக்கிள் சீட்டும். அதில் உட்கார்ந்தால் நம் தலை அவர்கள் திண்ணைக்கு மேலே தெரியும். அந்தக் கோபம் போய்விட்டதென்று நினைக்காதீர்கள். 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில், புல்லட் ஓட்டினான் என்பதற்காக ஒரு கல்லூரி மாணவரின் கைகளை வெட்டினார்கள் என்று குடும்பத்தார் புகார் கொடுத்தார்கள்.

இதற்கு எதிர்த் திசையிலும் வரலாறு உண்டு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். கல்குவாரிப் பெண்கள், கூலிப் பெண்கள், ஆயிரம் ஆயிரமாக ஏறினார்கள். பெண்கள் சைக்கிள் கிடைக்காமல் பார் வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். 2001-02இல் தமிழக அரசு ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு விலையில்லா சைக்கிள் கொடுக்கத் தொடங்கி, பிறகு எல்லா மாணவருக்கும் என்று விரித்தது. இன்றைக்கும் பதினொன்றாம் வகுப்பில் கொடுக்கிறார்கள். கட்சி எதுவானாலும் நல்லதை நல்லது என்று சொல்வோம்.

இப்போது அந்தப் பெண் பன்னிரண்டு முடித்து, நாலு ஸ்டேஷன் தள்ளியிருக்கிற கல்லூரியில் சேருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சைக்கிள் அரசு கொடுத்தது, இலவசம். பட்டப்படிப்பு வரை மாணவிகளுக்கு இரண்டாம் வகுப்பு சீசன் டிக்கெட்டை இலவசமாகக் கொடுக்க ரயில்வே விதியில் இடம் உண்டு. ஆக, ரயிலும் இலவசம். சைக்கிளிலிருந்து இறங்கி ரயிலில் ஏறுவதற்கு நடுவில் இருபது கஜம் இருக்கிறது. அந்த இருபது கஜத்தில் ஒருவர் சீட்டுக் கட்டோடு உட்கார்ந்திருக்கிறார். நாளைக்கு ஐந்து ரூபாய் என்று வைத்தாலும், இருபத்தைந்து நாளைக்கு நூற்று இருபத்தைந்து. புறநகர் ரயிலின் குறைந்தபட்சக் கட்டணமே ஐந்து ரூபாய்தான். ஆளை ஏற்றிக்கொண்டு போகிறதற்கும் சைக்கிள் சும்மா நிற்கிறதற்கும் ஒரே விலை. மாநில அரசும் மத்திய அரசும் இலவசமாகக் கொடுத்த இரண்டையும் இணைக்கிற இடத்தில் தனியார் ஒருவர் வாசல் காவல்.

அந்த ஆளைக் குறை சொல்லவில்லை. சீட்டுக் கிழிக்கிறவர் பெரும்பாலும் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கிற வயசான ஆள்தான். ஏலத்தைப் பாருங்கள். ஸ்டேஷன் வாகன நிறுத்தத்தை ரயில்வே கோட்டம் ஏலத்தில் விடுகிறது. 2022இலிருந்து இது மின்னணு ஏலம். வருஷத்துக்கு இவ்வளவு தருகிறேன் என்று அதிகம் சொன்னவனுக்கு இடம். ரயில்வே கணக்கில் இது பயணச்சீட்டு அல்லாத வருமானம். அதாவது விளம்பரப் பலகை எந்தக் கட்டத்தில் வருகிறதோ அந்தக் கட்டத்தில் உன் சைக்கிளும் வருகிறது. பயணிக்குச் செய்கிற வசதி என்ற கட்டம் வேறு.

இனி நான் பேங்க் கிளார்க்காகப் பேசுகிறேன். காண்டிராக்ட் எடுத்தவர் முழுத்தொகையை முன்பே ஒப்புக்கொண்டுவிட்டார். ஒவ்வொரு முழத்திலிருந்தும் எவ்வளவு எடுக்கலாம் என்பதுதான் இனி அவர் கவலை. மோட்டார் சைக்கிள்காரர் அதிகம் கொடுப்பார். கார் இன்னும் அதிகம். அதனால் கூரை இருக்கிற முன்பகுதி மோட்டார் சைக்கிளுக்கு. சைக்கிள் பின்னால், வேப்பமரத்தடிக்கு, அப்புறம் கழிவறைச் சுவர் ஓரத்துக்கு. அங்கே மழையில் செயின் துருப்பிடிக்கும், வெயிலில் டயர் வெடிக்கும், சீட்டைக் கிழித்துவிட்டுப் போவான். ஒன்று விழுந்தால் வரிசையே சரியும், எடுக்கிறபோது மட்கார்டும் ஸ்போக்சும் பின்னிக்கொள்ளும். இரண்டு வருஷம் இப்படிப் போனால் பாதிப் பேர் சைக்கிளை விட்டுவிடுவார்கள். அப்போது அதிகாரி வந்து எண்ணிப் பார்ப்பார். "சைக்கிள் வர்றது குறைஞ்சு போச்சு, எதுக்கு இவ்வளவு எடம்?" என்பார். இடத்தைக் குறைத்ததால் சைக்கிள் குறைந்தது. அதைக் காட்டியே மறுபடியும் இடத்தைக் குறைப்பார். இந்தச் சக்கரம் நன்றாகவே சுற்றுகிறது.

சைக்கிளை விட்டவர்கள் என்ன ஆனார்கள்? சிலர் என் கவுண்டருக்கு வருகிறார்கள், வண்டிக் கடன் கேட்டு. மாசத் தவணை, வட்டி, இன்சூரன்ஸ், பெட்ரோல். கம்பெனியில் வாங்குகிற சம்பளத்தில் ஒரு பங்கு, ஸ்டேஷனுக்கு நாலு கிலோமீட்டர் போய்வருவதற்கே சரியாகிவிடுகிறது. வாங்கக்கூடாது என்று நான் சொல்லமாட்டேன். நம் பையன் புல்லட் ஓட்டினால் எனக்குச் சந்தோஷம். விரும்பி வாங்கட்டும், சைக்கிள் வைக்க இடமில்லை என்பதால் கடனாளி ஆகவேண்டாம். கடனும் கிடைக்காத பெண்கள் ஷேர் ஆட்டோவுக்குக் காத்து நிற்கிறார்கள். சிலர் வேலையையே விடுகிறார்கள். அது எந்தக் கணக்கிலும் வராது.

விடியற்காலை நாலரை மணி வண்டிக்கு யார் போகிறார்கள் என்று பார்த்திருக்கிறீர்களா? நகரத்தைப் பெருக்கப் போகிறவர்கள், ஆஸ்பத்திரி துடைக்கப் போகிறவர்கள், அபார்ட்மென்டில் பாத்திரம் தேய்க்கப் போகிறவர்கள். யார் என்று நான் சாதி சொல்ல வேண்டியதில்லை. ஒரு சின்ன ஸ்டேஷனில், பெயர் வேண்டாம், இந்த அக்காமார் ஏழெட்டுப் பேர் மூன்று கிலோமீட்டர் சைக்கிளில் வருவார்கள். ஸ்டாண்டு திறப்பது ஆறு மணிக்கு. "ஏம்மா, ஆறு மணிக்கு மேல வந்தா சீட்டுப் போடுவேன், இப்ப வெச்சா நான் பொறுப்பில்ல" என்று பதில். இவர்கள் வெளிக் கம்பிவேலியில் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டுப் போவார்கள். மத்தியானம் திரும்பி வந்தால் காற்றைப் பிடுங்கிவிட்டிருக்கும். வேலியில் பூட்டக்கூடாது என்பதற்குத் தண்டனை. பம்பு கொடுக்கிற கடை அந்த நேரத்தில் இருந்தால் உண்டு, இல்லையென்றால் மூன்று கிலோமீட்டர் உருட்டல். ஊர்த்தெருவில் உருட்டச் சொன்னவன் போனான், இப்போது வால்வு ட்யூப் உருட்ட வைக்கிறது.

"ஏன்க்கா, பக்கத்துல யார் வீட்லயாவது விட்டுட்டுப் போலாமே" என்று ஒரு தம்பி, நல்ல பையன்தான், கேட்டான். அந்த அக்கா அவனை ஒரு பார்வை பார்த்தார். "யார் வீட்டுல தம்பி?" என்றார், அவ்வளவுதான்.

யோசித்துப் பாருங்கள். ஸ்டேஷனை ஒட்டி இருப்பது கடைத்தெரு, அதற்குப் பின்னால் ஊர். சேரி அநேகமாக தூரத்தில், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் அல்லது ஏரிக்கரையில். ஊர்க்காரருக்கு ஸ்டாண்டு தேவையில்லை. மாமா வீடு இருக்கிறது, சிநேகிதன் கடை இருக்கிறது, "அண்ணே, கொஞ்சம் பாத்துக்குங்க" என்று சாய்த்துவிட்டுப் போவார். அந்த 'அண்ணே' என்ற வார்த்தை நம் வாயிலிருந்து வந்தால் என்ன விலை என்பது நமக்குத் தெரியும். இன்றைக்கு வண்டியை விட்டால் நாளைக்கு அவர் களத்தில் ஒரு வேலை, தேர்தலில் ஒரு ஓட்டு, சண்டை வந்தால் ஒரு மௌனம். பொது இடம் இல்லாத ஊரில் எல்லாமே தயவில் நடக்கும். தயவு சாதி பார்த்துத்தான் கிடைக்கும். அதனால்தான் இதைச் சின்ன விஷயம் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. சீட்டு வாங்கி, நம்பர் வாங்கி, கம்பியில் சாய்த்துவிட்டுப் போகிற ஸ்டாண்டில் நான் யார் என்று கேட்க ஆள் இல்லை. கவிதைக்காரன் என்பதால் ஒன்று சொல்லிக்கொள்கிறேன்: நம் ஊர்களில் சேரி வண்டியும் ஊர் வண்டியும் ஹேண்டில்பாரோடு ஹேண்டில்பார் மாட்டிக்கொண்டு நாள் முழுக்க நிற்கிற இடம் வேறு எது?

வெளிநாட்டுக் கதை இரண்டு சொல்கிறேன், சலிக்க வேண்டாம். நெதர்லாந்தில் ரயில் பயணிகளில் ஏறக்குறைய பாதிப் பேர் சைக்கிளில் ஸ்டேஷனுக்கு வருகிறார்கள். உட்ரெக்ட் என்ற ஊரில் ஸ்டேஷனுக்குக் கீழே 2017இல் ஒரு பகுதி திறந்து, 2019இல் முழுசாக முடித்த ஸ்டாண்டில் 12,500 சைக்கிள் நிற்கும். இரண்டு அடுக்கு, விளக்கு, காவல், உள்ளேயே ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தலாம். முதல் 24 மணி நேரம் காசு இல்லை. ஆம்ஸ்டர்டாமில் 2023இல் தண்ணீருக்கு அடியில் 7,000 சைக்கிளுக்குக் கட்டினார்கள். அங்கே பல வருஷம் பிரதமராக இருந்தவரே சைக்கிளில் ஆபீஸ் போனவர். பிரதமர் சைக்கிள் நிற்கிற வரிசையில் கூரை ஒழுகாது என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் சைக்கிளில் போகிறவன் வேறு. அதனால் அவர்கள் கட்டிடத்தைக் காப்பியடித்தால் போதாது.

எனக்கு அதைவிட ஜப்பான் கதை உபயோகமாகத் தெரிகிறது. 1970களில் அங்கே ரயிலடிகளில் சைக்கிள் குவிந்தது. பத்திரிகைகள் 'சைக்கிள் தொல்லை' என்று எழுதின. 1980இல் சட்டம் போட்டார்கள். 1993இல் அதைத் திருத்தி இறுக்கினார்கள். ஸ்டேஷன் பக்கத்தில் சைக்கிள் நிறுத்தம் அமைப்பது உள்ளாட்சியின் கடமை, அது இடம் கேட்டால் ரயில் கம்பெனி ஒத்துழைக்க வேண்டும். டோக்கியோவில் கசாய் ஸ்டேஷனில் 2008இல் திறந்த நிறுத்தத்தில் 9,400 சைக்கிளுக்கு இடம். பெரும்பகுதியை இயந்திரமே கீழே இறக்கி அடுக்கி, திருப்பிக் கொடுக்கிறது. நடத்துவது அந்த வட்டார நிர்வாகம். அதே சட்டத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. இடம் கொடுத்த பிறகு தெருவில் விட்ட சைக்கிளை லாரியில் தூக்கிப் போய் அபராதம் வாங்குகிறார்கள். நம் ஆட்சியாளர்கள் இரண்டாவது பாதியை மட்டும் உடனே அமல்படுத்துவார்கள், ஜாக்கிரதை.

நம் நிலைமை என்ன? ஸ்டேஷன் இடம் மத்திய அரசின் ரயில்வேயுடையது. வாசல் ரோடு நகராட்சியோ ஊராட்சியோ. சைக்கிள் கொடுப்பது மாநில அரசு. மூன்று பேரும் ஒருவரையொருவர் கைகாட்டலாம். கொள்கைக்குப் பஞ்சமில்லை. 2006இன் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, சாலையை வாகனத்துக்கல்ல மனிதருக்குப் பங்கிட வேண்டும் என்றது, பாதுகாப்பான சைக்கிள் நிறுத்தமும் வேண்டும் என்றது. 2014இல் சென்னை மாநகராட்சி மோட்டார் அல்லாத போக்குவரத்துக்கென்று தனிக் கொள்கையே போட்டது. காகிதம் நன்றாக இருக்கிறது. இதற்கிடையில் 2023இல் அம்ரித் பாரத் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்டேஷன்களை மாற்றிக் கட்டும் திட்டம் வந்தது. 2025 மே மாதம் ஒரே நாளில் 103 ஸ்டேஷன் திறந்தார்கள். கடற்கரை–செங்கல்பட்டுத் தடத்தில் 2025 ஏப்ரலில் குளிர்சாதன மின்சார ரயிலும் வந்துவிட்டது. வரட்டும். வாசலை இடித்துக் கட்டுகிற இந்த நேரத்தில்தான் நாம் உள்ளே நுழைய வேண்டும். தூணும் வளைவும் கார் வந்து திரும்புகிற வட்டமும் சிமெண்டில் இறுகிவிட்டால் அடுத்த முப்பது வருஷத்துக்கு ஒன்றும் செய்ய முடியாது. வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது, பத்து ரூபாய்ச் செலவு. அதில் கார் எத்தனை, மோட்டார் சைக்கிள் எத்தனை, சைக்கிள் எத்தனை என்று பாருங்கள்.

கேட்க வேண்டியது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. கூரையுள்ள இடத்தில் சைக்கிளுக்கென்று பிரித்த பகுதி, அது டிக்கெட் கவுண்டருக்குக் காரைவிடக் கிட்டத்தில். முதல் வண்டிக்கு அரை மணி முன்னே திறந்து, கடைசி வண்டிக்கு அப்புறம் மூட வேண்டும். விளக்கு. ராத்திரி பத்து மணி வண்டியில் இறங்குகிற பெண் இருட்டு மூலையில் போய் வண்டி தேடக்கூடாது. ஒரு காற்று பம்பு, சங்கிலியில் கட்டியாவது வையுங்கள். கட்டணத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு: சீசன் டிக்கெட் காட்டினால் சைக்கிளுக்குக் காசு கிடையாது. சீசன் டிக்கெட் வைத்திருப்பவர் ரயில்வேக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டார். சைக்கிள் பகுதியை ஏலத்திலிருந்து பிரித்து எடுத்துவிட்டால் முழக் கணக்குப் போடுகிற வேலையும் இருக்காது. நடத்த ஆள் வேண்டுமே என்பார்கள். ஸ்டேஷன் டீக்கடை, பழக்கடைகளில் எஸ்.சி., எஸ்.டி.க்கு ஒதுக்கீடு இருக்கிறது. இதற்கும் கேட்போம், அந்தந்த ஊர்ப் பெண்கள் குழுவுக்குக் கொடுக்கச் சொல்வோம், சம்பளத்தை ரயில்வேயும் நகராட்சியும் பங்கிடட்டும். ஏலமென்றால் வைப்புத்தொகை, பேங்க் காரண்டி என்று கேட்பார்கள். அந்தப் பேப்பரை எடுத்துக்கொண்டு என் கவுண்டருக்கு வருகிறவர்கள் யாரும் சேரியிலிருந்து வருவதில்லை. ஏலம் என்று ஆனவுடனே யார் உள்ளே, யார் வெளியே என்று முடிவாகிவிடுகிறது.

இதையெல்லாம் கேட்பதற்கு முன்னால் எண்ணிக்கை வேண்டும். "எத்தனை பேர்யா சைக்கிள்ல வர்றாங்க?" என்பதுதான் அவர்கள் முதல் கேள்வி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், விவசாயமும் வீட்டுத் தொழிலும் அல்லாத வேலைக்குப் போகிறவர்கள் எப்படிப் போகிறார்கள் என்று கேட்டார்கள். நாடு முழுக்க நடந்து போகிறவர்கள் சுமார் 4.5 கோடி, சைக்கிளில் 2.6 கோடி, மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டர், மொபெட் எல்லாம் சேர்த்து 2.5 கோடி, ரயிலில் 70 லட்சம். சைக்கிள்தான் மோட்டார் சைக்கிளைவிட அதிகம், கவனியுங்கள். பதினைந்து வருஷத்தில் இது மாறியிருக்கும். 2021இல் நடந்திருக்க வேண்டிய அடுத்த கணக்கெடுப்பு 2027க்குப் போய்விட்டது. இதைவிட முக்கியம் ஒன்று இருக்கிறது. ஓர் ஆளுக்கு ஒரு வாகனம்தான் குறித்தார்கள். மூன்று கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து வந்து முப்பது கிலோமீட்டர் ரயிலில் போகிற அக்கா, 'ரயில்' என்ற கட்டத்தில் விழுந்தார். அவருடைய சைக்கிள் தேசத்தின் புத்தகத்தில் எங்கேயும் இல்லை. எண்ணாதவர்களுக்கு யாரும் கூரை போடமாட்டார்கள்.

ஆகவே நாமே எண்ணுவோம். மாணவர்கள் செய்யக்கூடிய வேலை. ஒரு ஸ்டேஷனுக்கு நாலு பேர், ஒரு திங்கள்கிழமை, முதல் வண்டியிலிருந்து காலை பத்து மணி வரை. ஸ்டாண்டுக்குள் எத்தனை, வெளியே வேலியிலும் மரத்திலும் கடை ஓரத்திலும் எத்தனை, கூரைக்குக் கீழே எத்தனை. எந்தத் தெருவிலிருந்து, எவ்வளவு தூரம் என்று கேளுங்கள். சாதியைக் கேட்க வேண்டாம், தெருப் பெயரே சொல்லிவிடும். "முன்னே சைக்கிளில் வந்து இப்போது விட்டுவிட்டீர்களா, ஏன்?" என்று நடந்து வருகிறவர்களிடமும் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்குகிறவர்களிடமும் கேளுங்கள். அந்தப் பதில்தான் நமக்கு முக்கியம், ஏனென்றால் வராத சைக்கிளை ஸ்டாண்டில் போய் எண்ண முடியாது.

படிவம் எழுதி நாற்பது நகல் எடுத்து வந்திருக்கிறேன், வாசல் பக்கம் மேஜையில் இருக்கிறது. எட்டு மணி ஷிப்டுக்கு ஆள் தானாகச் சேர்ந்துவிடும். நாலு மணி ஷிப்டுக்குத்தான் ஆள் வேண்டும். யார் யார் வருகிறீர்கள் என்று போவதற்கு முன்னால் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள். சைக்கிள் இருக்கிறவர்கள் சைக்கிளிலேயே வாருங்கள்.